திங்கள் ஒரு சிந்தனை: குளம்பில் விழுந்த பிளவு

மழைக்காலம் ஓய்ந்து தீபாவளி விடுமுறை வந்துவிட்டால், மும்பையில் வாழும் நம்மவர் குடும்பங்களுக்கு மாதேரான் மலையின் நினைவு வருவது இயல்பு. கர்ஜத் செல்லும் மின்சார ரயிலில் ஏறி நேரலில் இறங்கி, வாடகைக் காரில் மலையேறினால், தஸ்தூரி நாகா என்னும் இடத்தில் கார் நின்றுவிடும். அதற்கு அப்பால் சுற்றுலாப் பயணிகளின் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. அண்மைக் காலத்தில் மின்சார ரிக்‌ஷாக்கள் சில ஓடத் தொடங்கியுள்ளன. ஆயினும் அச்செம்மண் பாதைகளில் ஆட்களைச் சுமந்து செல்லும் குதிரைகளை இன்றும் நூற்றுக்கணக்கில் காணலாம்.

சென்ற ஆண்டு தீபாவளியை அடுத்து, சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றுடன் நாமும் அங்கே சென்றிருந்தோம். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, நெற்றியில் வெள்ளைச் சுட்டி உடைய செந்நிறக் குதிரை ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். கூலியும் பேசி முடித்தாயிற்று. அவளைத் தூக்கிச் சேணத்தில் அமர்த்தும் சமயத்தில், உடன் வந்திருந்த டாக்டர் ஐயா, “சற்றுப் பொறுங்கள்” என்றார். அவர் இராணுவத்தில் குதிரைகளுக்கு மருத்துவராகப் பல்லாண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர்.

அக்குதிரை வலது முன்காலைச் சற்றே முன்னே நீட்டி, அதன்மேல் பாரம் விழாதவாறு நின்றுகொண்டிருந்தது. நமக்கு அது களைப்பாறும் நிலையாகத் தோன்றியது. டாக்டர் குனிந்து அக்காலைத் தூக்கிப் பார்த்தார். குளம்பின் வெளிப்பக்கத்தில், உரோமம் முடிந்து குளம்பு தொடங்கும் இடத்திலிருந்து கீழ்நோக்கி இரண்டு அங்குல நீளத்துக்குப் பிளவு ஒன்று ஓடியிருந்தது. அதில் தாரும் மெழுகும் கலந்து அடைத்திருந்தார்கள். அடைப்பின் மேல்முனையில் இரத்தம் கசிந்திருந்தது.

குதிரைக்காரருக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். “ஒரு மாதமாக இருக்கிறது, சாகேப். தார் வைத்திருக்கிறேன், ஒட்டிக்கொள்ளும். இந்தப் பதினைந்து நாள் கூட்டம் போகட்டும், பிறகு ஓய்வு கொடுக்கிறேன்” என்றார்.

அவர் கூறியதில் பொய் ஏதும் இல்லை. மழை நான்கு மாதமும் அங்கே பயணிகள் வரத்து மிகவும் குறைந்துவிடும். தீபாவளியின் பதினைந்து நாள் வருவாய் அக்குடும்பத்துக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும், “ஒட்டிக்கொள்ளும்” என்று அவர் நம்பினாரே, அந்த ஒரு சொல்லில்தான் பிழை இருந்தது. அன்றிரவு விடுதித் திண்ணையில் அமர்ந்து டாக்டர் நமக்கு விளக்கியதை நேயர்களுடன் பகிர்ந்துகொள்வதே இத்திங்கள் நம் நோக்கம்.

குதிரையின் குளம்பு நம் விரல் நகத்தைப் போன்றதொரு பொருளால் ஆனது. நகம் கிழிந்தால் கிழிந்த ஓரங்கள் மீண்டும் ஒட்டுவதுண்டா? இல்லை. அடியிலிருந்து புது நகம் வளர்ந்து, கிழிந்த பகுதியை முன்னே தள்ளிக்கொண்டு போகிறது. கடைசியில் நாம் அதை வெட்டி எறிகிறோம். குளம்பின் கதையும் அதுவே. மேலே மயிர்க்கோட்டை ஒட்டியுள்ள வளையத்திலிருந்து குளம்புச் சுவர் வளர்ந்து இறங்குகிறது. மாதம் ஒன்றுக்கு ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளர்ச்சி. முன்நுனியில் புதுச்சுவர் தரையைத் தொட 9 முதல் 12 மாதங்கள் ஆகும். பக்கப்பகுதிகளில் உயரம் குறைவாதலால் சற்று விரைவில் தொடும். குதிப்பக்கத்தில் அதனினும் விரைவில். ஆகவே, குளம்பின் பிளவு ஒட்டுவதில்லை. வளர்ந்து இறங்கித்தான் போக வேண்டும்.

அந்தச் சுவரின் உட்புறத்தில் அறுநூறு அளவில் மெல்லிய ஏடுகள் உள்ளன. அவை உள்ளிருக்கும் உயிர்த்தசையின் ஏடுகளுடன், இரு கைவிரல்களைக் கோத்ததுபோல் பிணைந்து, குளம்பெலும்பைத் தாங்குகின்றன. குதிரையின் உடற்பாரத்தில் பாதிக்கும் மேற்பட்ட பங்கை முன்கால்களே சுமக்கின்றன. கால் ஊன்றும்போது குளம்பு சற்றே விரிகிறது, தூக்கும்போது சுருங்குகிறது. பிளவு உயிர்த்தசை வரை ஆழ்ந்துவிட்டால், ஒவ்வோர் அடியிலும் அதன் இரு ஓரங்களும் அசைந்து அத்தசையைக் கிள்ளுகின்றன. ஓராயிரம் அடி நடந்தால் ஓராயிரம் முறை கிள்ளல்! இரத்தம் கசிவதும் அதனாலேயே. அவ்வழியே அழுக்கும் கிருமியும் புகுந்தால் சீழ் பிடிக்கிறது. மேலே தாரை அடைத்தால், சீழ் வெளியேற வழியின்றி உள்ளேயே பரவுகிறது. காப்பதாக எண்ணிச் செய்தது கேடாக முடிகிறது.

எல்லாப் பிளவும் இத்தகையது என்று அஞ்ச வேண்டியதில்லை. உலர்ந்த குளம்புகளில் மயிரிழை போன்ற மேற்கீறல்கள் பல காணப்படும். அவற்றால் தீங்கு அரிது. தரையில் தொடங்கி மேலேறும் பிளவு பெரும்பாலும் உரிய காலத்தில் குளம்பைச் சீவாமையால் வருவது. முன்நுனி நீண்டுவிட்டால், ஒவ்வொரு முறை கால் பெயர்க்கும்போதும் அது நெம்புகோல்போல் சுவரை இழுத்துப் பிளக்கிறது. மயிர்க்கோட்டில் தொடங்கிக் கீழிறங்கும் பிளவோ கூடுதல் கவனத்துக்கு உரியது. அங்கே பட்ட காயமோ, குளம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பாரம் மிகுந்து விழுவதோ அதற்குக் காரணமாகலாம். வளரும் வளையமே காயத்தால் வடுப்பட்டுவிட்டால், அவ்விடத்துச் சுவர் வாழ்நாள் முழுவதும் பழுதுடனேயே வளரக்கூடும்.

மாதேரான் குதிரைகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. மழைக்காலம் முழுவதும் சேற்றிலும் ஈரக் கொட்டிலிலும் நின்று குளம்பு ஊறி மெலிகிறது. மழை நின்றதும் வெயிலில் விரைந்து காய்கிறது. ஊறுவதும் காய்வதும் மாறி மாறி நிகழ்ந்தால் குளம்பின் உறுதி குறையும். அந்நிலையில்தான் விடுமுறைக் கூட்டம் வந்து சேர்கிறது. கல் நிறைந்த சரிவுகளில் ஓட்டமும் மிகுகிறது.

இனி, மருத்துவம் யாது? முதற்காரியம், அடைத்ததை அகற்றிப் பிளவைத் தூய்மை செய்து, சீழ் இருப்பின் வெளியேற்றி உலரவிடுதல். இரணஜன்னித் தடுப்பூசி போட்டிருப்பதை உறுதி செய்தல் வேண்டும். அந்நோய்க்கு எளிதில் இரையாகும் விலங்குகளுள் குதிரை முதன்மையானது. இரண்டாவது, குளம்பைச் சமமாகச் சீவி, பாரம் இருபுறமும் ஒத்து விழச் செய்தல். பிளவுள்ள பகுதியின் அடிச்சுவரைச் சிறிது அராவி, அது லாடத்தின் மேல் அழுந்தாதவாறு விடுவதும் உண்டு. மூன்றாவது, ஓரங்கள் அசையாதவாறு நிறுத்துதல். பின்புறமும் பட்டையால் மூடிய லாடம் அடித்தல், பிளவின் இருபுறமும் கம்பியால் பிணைத்தல், உலோகத் தகடு பொருத்தல், செயற்கைப் பசையால் நிரப்புதல் எனப் பல வழிகள் உள்ளன. ஆனால் உள்ளே ஈரமும் சீழும் இருக்கும்வரை பசையால் மூடலாகாது. இவையெல்லாம் பயின்ற கைகளுக்கே உரியவை. கால்நடை மருத்துவரும் லாடம் அடிப்பவரும் கூடிச் செய்ய வேண்டியவை.

தீவனத்தைப் பற்றியும் கேட்டோம். பயோட்டின் என்னும் உயிர்ச்சத்தை நாளொன்றுக்கு 15 முதல் 20 மில்லிகிராம் வீதம் கொடுத்துவந்தால், புதிதாக வளரும் குளம்பு உறுதிப்படக்கூடும் என்றார் டாக்டர். அதன் பயனும் பல மாதங்கள் கழித்தே தெரியும். பழைய பிளவை அது ஒன்றும் செய்யாது.

வட இந்தியாவில் குதிரைக்கு லாடம் அடிப்பவரை நால்பந்த் என்பர். குதிரை வைத்தியருக்கு இந்துஸ்தானியில் சலோத்ரி என்று பெயர். குதிரை மருத்துவத்தின் ஆதி ஆசிரியராகப் போற்றப்படும் சாலிஹோத்திரரின் பெயர் திரிந்து வந்த சொல் அது. இத்துணைத் தொன்மையான கலை நம் நாட்டில் இருந்தும், கூலிக்கு உழைக்கும் குதிரைக்கு அது எட்டாமற்போவது ஏன்? அறியாமை ஒரு காரணம். வறுமை மற்றொரு காரணம். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று மருத்துவம் சொல்கிறது. நாளைக்கு அடுப்பு எரிய வேண்டும் என்று வீடு சொல்கிறது.

அன்று தஸ்தூரியில் நாம் செய்தது இதுதான். பேசிய கூலியைக் கொடுத்துவிட்டு, குதிரையில் ஏறாமல் நடந்தோம். கொடுத்தபோது பெருந்தன்மையாகத் தோன்றிய அச்செயல், பத்தடி நடப்பதற்குள் சிறுத்துவிட்டது. நாம் கொடுத்தது ஒரு நடையின் கூலி. அக்குதிரைக்கு வேண்டியதோ பல மாத அவகாசம். நாம் ஏறாவிடின் அடுத்த காரில் வருபவர் ஏறுவார் அன்றோ? இதை டாக்டரிடம் சொன்னோம். மறுநாட்காலை அவர் குதிரைக்காரரைத் தேடிச் சென்று, அவர் கையாலேயே அடைப்பை அகற்றச் செய்தார். தாருக்கு அடியில் இருந்த சீழைக் கண்ட அவ்விளைஞர் நெடுநேரம் பேசவில்லை. “ஒட்டாது என்று யாரும் சொல்லவில்லையே” என்று மட்டும் கூறினார். மருத்துவத்துக்கும் லாடத்துக்கும் ஆன செலவை நம் குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன. எஞ்சிய சுமை அவருடையதே. அந்தப் பருவம் முழுவதும் அவர் தம் அண்ணனின் குதிரையை நடத்திச் சென்று பாதிக்கூலி பெற்றார் என்று பின்னர் அறிந்தோம்.

இவ்வாண்டு மே மாத விடுமுறையில் மீண்டும் மாதேரான் சென்றோம். வெள்ளைச் சுட்டிக் குதிரை நான்கு கால்களிலும் பாரம் ஊன்றி நின்றது. குதிரைக்காரர் நம்மைக் கண்டதும், கேளாமலே அதன் வலது முன்காலைத் தூக்கிக் காட்டினார். மயிர்க்கோட்டிலிருந்து ஏறக்குறைய மூன்று விரற்கடை அளவுக்குப் பிளவற்ற புதுச்சுவர் இறங்கியிருந்தது. அதற்குக் கீழே பழைய பிளவு இன்னும் இருந்தது. “இன்னும் இரண்டு மூன்று சீவலில் போய்விடும், சாகேப்” என்றார். அதுவரை சிறுவர்களை மட்டும், சமதரையில் மட்டும் ஏற்றுவதாகச் சொன்னார்.

மலைகளுக்கும் கடற்கரைகளுக்கும் செல்லும் நேயர்கள் குதிரையில் ஏறுமுன் ஒரு நிமிடம் செலவிடுவார்களாக. முன்கால் ஒன்றை நீட்டிப் பாரம் ஊன்றாமல் நிற்கிறதா, நடக்கையில் ஒரு முன்கால் தரையைத் தொடும்போதெல்லாம் தலையை மேலே தூக்குகிறதா, மயிர்க்கோட்டில் பிளவோ கசிவோ உள்ளதா என்று பாருங்கள். இருப்பின் ஏறாதீர்கள். ஆனால் குதிரைக்காரரைக் கடிந்துகொள்ளவும் வேண்டா. அது ஒட்டாது, வளர்ந்தே தீர வேண்டும் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். அருகில் உள்ள கால்நடை மருத்துவமனைக்கு வழி காட்டுங்கள்.

அச்சிறுமி இம்முறை குதிரையில் ஏறினாள். ஏறுமுன் தானும் குனிந்து நான்கு குளம்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குதிரைக்காரர் அவள் பார்த்து முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.