மண்ணைப் போர்த்தும் பயிருக்குக் காப்பில்லையாம்!

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் பெருவழியில் அமைந்தது எலவனாசூர்கோட்டை. பழங்கல்வெட்டுகள் இறையானரையூர் என்று இதனை வழங்கும். மேற்கே கல்வராயன் மலை. கீழே செம்மண்ணும் கரிசலும் விரவிய நிலம். ஏரியும் கிணறும் உள்ள இடத்தில் நெல்லும் கரும்பும். வானம்பார்த்த புன்செயில் மக்காச்சோளமும் பருத்தியும் மணிலாவும் உளுந்தும்.

இந்நிலத்தில் ஆடி மழையை நம்பிச் சணப்போ தக்கைப்பூண்டோ கொழிஞ்சியோ விதைக்கின்ற உழவன் ஒருவனை எண்ணிப் பார்க்க. அவன் விதைப்பது விற்பதற்கன்று, உண்பதற்கன்று, மண்ணுக்கு. நாற்பது, நாற்பத்தைந்து நாளில் பூவெடுக்கும் நேரத்தில் அப்படியே மடக்கி உழுதுவிடுவான். நன்கு வளர்ந்தால் ஏக்கருக்கு எட்டாயிரம் முதல் பத்தாயிரம் கிலோ வரை பச்சைத்தழை மண்ணுக்குள் போகும். காற்றிலுள்ள வெடியத்தை வேர்முடிச்சுகளில் பிடித்து வந்து சேர்க்கும். வெயிலில் நிலம் வெடிக்காமல் போர்த்தும். மழையில் மேல்மண் கரைந்தோடாமல் தடுக்கும். களரில் தக்கைப்பூண்டு வரும். ஈரமற்ற மேட்டிலும் கொழிஞ்சி நிற்கும். ஆடுமாடும் அதனை மேயா. எந்தக் கல்லூரியும் தொடங்குவதற்கு முன்பே தமிழுழவன் அறிந்திருந்த அறிவு இது.

இருபதாம் நாளில் மழை பொய்த்து அப்பயிர் கருகினால்? ஏக்கருக்கு இருபது கிலோ விதையும், உழவுக் கூலியும், ஒரு பருவத்துக் காத்திருப்பும் போயிற்று. அவன் சிட்டாவையும் அடங்கலையும் ஏந்திக்கொண்டு காப்பீட்டு வாயிலுக்குச் சென்றால், 'அறிவிக்கப்பட்ட பயிர்ப் பட்டியலில் இது இல்லை' என்பதே விடை.

அப்பட்டியல் எவருடைய பட்டியல்? 2016ஆம் ஆண்டில் தில்லி கொணர்ந்த திட்டத்தின் பெயர் 'பிரதான் மந்திரி பசல் பீமா யோசனா'. நான்கு சொற்களைத் தாண்டியும் ஒரு தமிழ்ச்சொல் இல்லை! குறுவை, சம்பா, நவரை, கார் என்று பருவங்களுக்குப் பெயரிட்டு வாழ்ந்த இனம், அத்திட்டத்தின் ஏட்டில் 'காரிப்பு' என்றும் 'இரபி' என்றும் அயற்பெயர்களில் தன் பருவத்தைத் தேட வேண்டியிருக்கிறது. கூலமும் பயறும் உள்ளிட்ட உணவுப் பயிர்கள், எண்ணெய் விதைகள், ஆண்டுப் பணப்பயிரும் தோட்டப்பயிரும் ஆகிய மூவகைக்கு மட்டுமே அதில் இடமுண்டு. முதலிரு வகைக்கும் உழவன் முதற்பருவத்திற்கு 2 விழுக்காடும் அடுத்த பருவத்திற்கு 1.5 விழுக்காடும் கட்டுகிறான். மூன்றாம் வகைக்கு 5 விழுக்காடு. எஞ்சிய கட்டணம் இரு அரசுகளின் தலையில்.

ஊன்றிப் பார்த்தால், களத்தை விட்டு வெளியேறி மூட்டையாகிச் சந்தைக்குப் போவதே அத்திட்டத்தின் கண்ணில் பயிர். நிலத்திலேயே தங்கி நிலத்தை வாழ்விப்பது பயிரன்று. உளுந்துக்குக் காப்புண்டு, அது மண்ணைப் போர்த்துவதால் அன்று, மணியாக விற்பதால்!

இழப்பைக் கணிக்கும் முறையையும் பார்க்க வேண்டும். கடந்த ஏழாண்டு விளைச்சலில் சிறந்த ஐந்தாண்டின் நிரவல் எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 விழுக்காட்டை வரம்பாக வைத்து, ஊரில் சில இடங்களில் பயிரை அறுத்து நிறுத்துப் பார்த்து, வரம்பிற்குக் குறைந்தால் ஊர் முழுமைக்கும் இழப்பீடு வழங்குவது அம்முறை. தன் நிலத்தைப் பேணியவன் அதனால் தண்டிக்கப்படுவதில்லை என்பது ஒரு நன்மைதான். அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், பேணியவனும் பேணாதவனும் ஒரே கட்டணம் கட்டுகின்றனர். பத்தாண்டு பசுந்தாள் மடக்கி மண்ணைப் பஞ்சாக்கியவனின் நிலம் ஒரு வறட்சியைத் தாங்கும். அவனைப் போல் ஊரே செய்தால் இழப்பீட்டுத் தொகையே குறையும். கருவூலத்திற்கு அவன் மிச்சப்படுத்தும் பணத்தில் ஒரு காசும் அவனுக்குத் திரும்புவதில்லை.

இன்னொரு கொடுமையும் உண்டு. ஊரின் பரப்பில் முக்கால் பங்குக்கு மேல் விதைக்க முடியாமற் போனால் காப்புத்தொகையில் 25 விழுக்காடு தரப்படும். அதுவும் பட்டியற் பயிருக்கு மட்டும். சம்பா நெல்லுக்குக் காப்பீடு செய்யும் இறுதிநாள் வழக்கமாக நவம்பர் 15. ஆடி மழை பிந்தினால் பசுந்தாள் பிந்தும். அது பிந்தினால் நடவு பிந்தும். நடவு பிந்தினால் காப்பீடு கைநழுவும். ஆகவே உழவன் என்ன செய்வான்? பசுந்தாளைக் கைவிட்டு, 45 கிலோ யூரியா மூட்டையை 266 உருபா 50 காசுக்கு வாங்கிப் போடுவான். அந்த விலையில் அது கிடைப்பதற்கு இந்திய அரசு வேதியுரங்களுக்காக 2022-23இல் மட்டும் 2.5 இலக்கம் கோடி உருபாவிற்கும் மேல் கொட்டியளந்தது. வெளியிலிருந்து மூட்டையில் வரும் உரத்திற்குப் பணம் உண்டு. அவனே தன் நிலத்தில் வளர்த்துக்கொள்ளும் எருவிற்குக் காப்பும் இல்லை!

தமிழ்நாட்டரசின் கணக்கு எப்படி? 2024-25 வேளாண் வரவுசெலவுத் திட்டத்தில் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. பெயர் தமிழ், நோக்கமும் நன்று. 2 இலக்கம் ஏக்கரில் பசுந்தாள் பயிரிட அதில் ஒதுக்கியது 20 கோடி உருபா. ஏக்கருக்கு 1,000 உருபா. அதே ஆண்டில் பயிர்க் காப்பீட்டிற்கு ஒதுக்கியது 1,775 கோடி. ஒரு கையால் விதை கொடுக்கிறார்கள். மறு கையால் பெருந்தொகையைக் காப்பீட்டு நிறுவனங்களுக்குக் கட்டுகிறார்கள். இரு கைகளும் ஒன்றையொன்று அறியா. வேளாண் அமைச்சு ஒன்றே, கோட்டை ஒன்றே, ஏடு மட்டும் இரண்டு!

தில்லியின் சட்டகத்தைத் தமிழ்நாடு எப்படி மாற்ற முடியும் என்று கேட்பவர் உளர். 2020இல் அத்தில்லியே, பாசனப் பகுதியில் 25 விழுக்காட்டிற்கும் பாசனமில்லாப் பகுதியில் 30 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட கட்டணத்தில் தன் பங்கைத் தருவதில்லை என்று கைவிரித்தது. மேற்கு வங்காளம் 2019இல் அத்திட்டத்தைக் கைவிட்டு, 'பங்களா' என்று தன் மண்ணின் பெயரை முன்னிறுத்தித் தனிக் காப்பீடு கண்டது. அங்கே பெரும்பாலான பயிர்களுக்கு உழவன் கட்ட வேண்டிய பங்கையும் அரசே கட்டுகிறது. பீகார் 2018இலேயே விலகிற்று. எல்லாவற்றினும் வேடிக்கை, 2020இல் விலகிய மாநிலங்களுள் ஒன்று குசராத்து! தலைமையமைச்சரின் பிறந்த மண்ணே அவர் பதவிப்பெயர் தாங்கிய திட்டத்தை வேண்டாவென்று தள்ளிய பிறகு, தமிழ்நாடு மட்டும் ஏன் கைகட்டி நிற்க வேண்டும்?

மண்போர்த்தும் பயிரைக் காப்பீட்டோடு இணைப்பதும் எவரும் காணாத கனவன்று. அமெரிக்காவின் அயோவா மாநிலம் 2017இல், போர்வைப் பயிர் விதைத்த உழவருக்கு ஏக்கருக்கு 5 தாலர் காப்புக்கட்டணத்தில் கழித்துக் கொடுக்கத் தொடங்கிற்று. 2021இலும் 2022இலும் அந்நாட்டு நடுவணரசே அதே கழிவை நாடு முழுமைக்கும் கொடுத்தது. அதற்கு முன், போர்வைப் பயிரை எந்நாளில் அழிக்க வேண்டும் என்னும் விதியை மீறினால் காப்பீடே பறிபோகும் என்று அங்கும் உழவர் அஞ்சினர். 2018ஆம் ஆண்டு வேளாண் சட்டம் அதனை நல்ல வேளாண் முறை என்று ஏற்றுக்கொண்டது. பல்லாயிரம் ஏக்கரில் பொறிகொண்டு உழும் அமெரிக்கனுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருந்த ஒன்றை, இரண்டு ஏக்கர்க்காரனான எலவனாசூர்கோட்டை உழவன் தன் பாட்டனிடமே கற்றிருக்கிறான். அவனுக்குத்தான் கழிவு இல்லை.

கழிவு கொடுத்தால் கருவூலம் கவிழுமா? ஏக்கருக்கு நெற்காப்புத்தொகை 36,000 உருபா என்று கொள்க. 1.5 விழுக்காடு என்பது 540 உருபா. பசுந்தாள் விதை கொடுக்கும் அந்த 2 இலக்கம் ஏக்கருக்கும் உழவர் பங்கை முற்றும் நீக்கினாலும் 10 கோடியே 80 இலக்கம் உருபாதான். 1,775 கோடியில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது!

விதையை வாங்கிக்கொண்டு விதைக்காமல் ஏய்ப்பர் என்பது அலுவலரின் வழக்கமான மறுப்பு. உழவனை முதலில் திருடனாக எண்ணிப் பிறகு திட்டம் தீட்டுவது வெள்ளையன் விட்டுச்சென்ற நோய். வான்கோள் படங்களைக் கொண்டு நெற்பரப்பையும் வறட்சியழிவையும் கணித்த பட்டறிவு தமிழ்நாட்டிற்கு 2016ஆம் ஆண்டுச் சம்பாவிலிருந்தே உண்டு. 2024இல் வேளாண் கல்லூரி மாணவர்களையே வயல்வயலாக அனுப்பி மின்னணுப் பயிர்க் கணக்கெடுத்தனர். நாற்பத்தைந்து நாள் பசுமை போர்த்து நின்ற ஒரு வயலைக் காண இவர்களுக்கு மட்டும் கண் தெரியாதோ?

பழந்தமிழ் ஊரவைகளுக்குக் கண் தெரிந்திருந்தது. நட்டுப்பாழ், சாவி, அழிவு என்று இழப்பை வகைபிரித்து, அவற்றைக் கழித்து எஞ்சியதற்கே வரி கொண்ட செய்தியைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. நட்டும் பாழானது வேறு, மணிபிடியாமல் சாவியானது வேறு, வெள்ளத்தில் அழிந்தது வேறு என்று மூன்றுக்கும் மூன்று சொல் வைத்திருந்தான் தமிழன். அவ்வேறுபாடு வரி கழிப்பதற்குப் போதுமான நுட்பமாக இருந்தது. வரம்பு மீறிய வரியைக் கேட்டபோது இதே நடுநாட்டுக் குடிகள் என்ன செய்தனர் என்பதையும் திருமுதுகுன்றம், பெண்ணாடம் பக்கத்துக் கல்வெட்டுகள் சொல்லும்; 1429இல் வலங்கையும் இடங்கையும் தம் பகை மறந்து விசயநகர ஆட்சியாளரை எதிர்த்து ஒன்றாகத் திரண்டன.

இங்கே தனித்தமிழன்பர்க்கும் ஒரு சொல் உண்டு. 'பசல் பீமா'வைப் 'பயிர்க் காப்பீடு' என்று பெயர்த்துப் பலகையில் எழுதிவிட்டால் போர் முடிந்தது என்று மகிழ்வோர் இருக்கின்றனர். பலகை தமிழாவது கட்டாயம் வேண்டும்; அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. பலகையைத் தமிழாக்கிய பின்னும் உள்ளிருக்கும் பட்டியல் தில்லியின் பட்டியலாகவே இருந்தால், கொழிஞ்சிக்கும் சணப்புக்கும் தக்கைப்பூண்டுக்கும் அப்பட்டியலில் இடம் ஏது? சொல்லைக் காப்பவர் அச்சொல் குறிக்கும் செடியையும் காக்க வேண்டும்; வயலில் கொழிஞ்சி அற்றுப்போன பின் அகரமுதலியில் கொழிஞ்சி இருந்தென்ன?

கல்வராயன் மலைமக்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. பாளையத் தலைவர்களின் பிடியும் கட்டாய வேலையும் 1976இல் நீங்கின. ஆயினும் பட்டா இன்றிச் சாமையும் தினையும் விதைப்போர் இன்றும் அங்குளர். அடங்கல் காட்ட இயலாதவனுக்கு எப்பயிருக்கும் காப்பு இல்லை. அது தனித்து எழுதற்குரியது.

இப்பொழுது கேட்க வேண்டியவை இவை. தமிழ்நாட்டரசு, தமிழ்ப்பெயரும் தமிழ்ப் பருவப்பெயரும் கொண்ட தனிக் காப்பீட்டை உருவாக்க வேண்டும். அதுவரை, பசுந்தாள் மடக்கிய நிலத்திற்கு உழவன் பங்கை அரசே கட்ட வேண்டும். முளைத்தும் கருகிய பசுந்தாளுக்கு விதைச்செலவும் உழவுச்செலவும் ஈடாகத் தர வேண்டும். பசுந்தாளால் நடவு பிந்திய வயலுக்குக் காப்பீட்டு நாளை நீட்ட வேண்டும். நவம்பர் 1 தமிழ்நாடு அமைந்த நாள். உள்ளாட்சி நாளென்று அன்று ஊர்தோறும் ஊரவை கூடுகிறது. சம்பாக் காப்பீட்டின் இறுதிநாளுக்கு இரண்டு கிழமை முன்னதாக வரும் அந்நாளில், எலவனாசூர்கோட்டையும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் இந்நான்கையும் தீர்மானமாக எழுதிக் கையொப்பமிட்டுக் கள்ளக்குறிச்சி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பட்டும்.