ஒரே மண், மூன்று சட்டங்கள்

முகாம்களில் வாழும் ஈழத்தமிழரின் குடியுரிமை பற்றிப் பேச்செடுத்தால், 'சட்டம் அப்படி, நாம் என்ன செய்ய?' என்று இலக்கிய நண்பர்களே கையை விரிக்கிறார்கள். சட்டம் தொடக்கத்தில் அப்படி இருக்கவில்லை. அப்படி ஆக்கப்பட்டது என்கிறோம் நாம்.

1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், மிகச்சில விலக்குகள் தவிர, பிறந்த மண்ணை மட்டுமே கேட்டது. 1986இன் திருத்தம், 1987 ஜூலை 1 முதல், பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருக்க வேண்டும் என்றது. அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்ட நாடுகளில் வங்கதேசத்தோடு இலங்கையும் இருந்தது. 2003இன் திருத்தம், 2004 டிசம்பர் 3 முதல், ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருத்தலாகாது என்றது.

இதன் விளைவை மண்டபம் முகாமில் வைத்துப் பார்ப்போம். அங்கே 1986இல் பிறந்த அக்காள் பிறப்பால் இந்தியர். 1988இல் பிறந்த தங்கை அந்நியர். 1990இல் ஆவணமின்றிப் படகில் வந்த ஒரு பெண், உள்ளூர் இளைஞரை மணந்து 2005இல் பெற்ற பிள்ளைக்குத் தந்தையின் குடியுரிமையும் பயன்படாது. மூவரும் குடித்தது ஒரே ஊர்த் தண்ணீர். வேறுபட்டது பிறந்த தேதி ஒன்றே.

எல்லையுள்ள நாடு வருவோரையெல்லாம் ஏற்க இயலாது என்பர். அவ்வாதம் எல்லை கடந்து வந்தவரைப் பற்றியது. இங்கேயே பிறந்த குழந்தை எந்த எல்லையைக் கடந்தது?

'சட்டவிரோதம்' என்பது அழிக்க முடியாத முத்திரையும் அன்று. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு சமயத்தாரிடமிருந்து அம்முத்திரையை 2019இன் திருத்தம் நீக்கியது. பதினோராண்டுக் காத்திருப்பையும் ஐந்தாகக் குறைத்தது. அந்த ஆறில் இந்துக்களும் கிறித்தவர்களும் உண்டு. முகாம்களில் இருப்போரில் பெரும்பாலாரும் அவர்களே. ஆயினும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. ஆக, இயலாமை சட்டத்தினுடையதன்று, மனத்தினுடையது.

ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழர் தங்கவைக்கப்பட்டதும் இதே மண்டபம் முகாமில்தான். 1948இல் இலங்கை அவர்களுடைய சந்ததியாரின் குடியுரிமையைப் பறித்தபோது நாம் அதை அநீதி என்றோம். இன்று நம் மண்ணில் பிறந்தவர்க்கு அதையே மறுத்துவிட்டுச் சட்டம் என்கிறோம். கணியன் பூங்குன்றனாரை மேடைதோறும் போற்றும் நாம், முகாமில் பிறந்தோர்க்குப் பிறப்புரிமையை மீட்டளிக்கும் ஒரு திருத்தத்தையேனும் கேட்க வேண்டாமா? கேளாதவரை, அவரைப் போற்றும் தகுதி நமக்கில்லை.