கொழுப்பு போயிற்று, சர்க்கரை போயிற்றா?

திருப்பூரில் காலை 11 மணிக்கு ஒரு காட்சியைக் காணலாம். பனியன் கம்பெனிகளின் வாசலில் தூக்குகளும் பிளாஸ்க்குகளும் வந்து இறங்கும். தையல் மெஷின்களின் சத்தம் ஓயும். ஓவர்லாக் டெய்லர், கட்டிங் மாஸ்டர், செக்கிங் பெண்கள், அயர்ன் போடுகிறவர் என்று எல்லார் கையிலும் டீ இருக்கும். மாலையில் மறுபடியும் இதே காட்சி!

இது கம்பெனி டீ. வீட்டில் எழுந்ததும் குடித்தது வேறு. வேலைக்கு வரும் வழியில் பேக்கரியில் குடித்தது வேறு. ஷிப்ட் நீண்டால் இரவில் இன்னொன்று. ஆக, ஒரு நாளைக்கு ஐந்து டீ என்பது இந்த ஊரில் பெரிய விஷயம் அல்ல.

இப்போது டீக்கடைகளில் ஒரு புதுக் குரல் கேட்கிறது.

"தம்பி! ஆடை இல்லாம, கொழுப்பு கம்மியான பால்ல ஒரு டீ போடு. டாக்டர் சொல்லியிருக்காரு. சக்கரை மட்டும் கொஞ்சம் தூக்கலா!"

"போட்டுட்டேனுங்க அண்ணா!"

டீ வருகிறது. அண்ணனும் கொழுப்பை ஒழித்துவிட்ட நிம்மதியோடு குடிக்கிறார். கூடவே ஒரு தேங்காய் பன்னும் உள்ளே போகிறது.

அண்ணன் ஒழித்தது எவ்வளவு? உள்ளே அனுப்பியது எவ்வளவு?

கலோரி என்பது என்ன?

விறகுக்கு எரியும் சக்தி உண்டு. அதுபோலவே உணவுக்கும் உண்டு. அந்தச் சக்தியை அளக்கும் அளவுதான் கலோரி. ஒரு லிட்டர் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி ஏற்றத் தேவையான வெப்பமே உணவுக் கணக்கில் ஒரு கலோரி. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி இருக்கிறது. ஒரு கிராம் சர்க்கரையில் 4 கலோரி. உடம்பு செலவழித்தது போக மிஞ்சும் கலோரி வயிற்றிலும் இடுப்பிலும் சதையாகச் சேரும்.

9 பெரிதா, 4 பெரிதா? 9தான் பெரிது. அதனால்தான் கொழுப்பைக் கண்டு எல்லாரும் பயப்படுகிறார்கள். ஆனால் டம்ளரில் எத்தனை கிராம் கொழுப்பு, எத்தனை கிராம் சர்க்கரை என்று யாரும் கேட்பதில்லை.

டம்ளருக்குள் கணக்கு

பால் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். கொழுப்பு எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். நிறைகொழுப்புப் பாலில் 6 சதவீதம். சமன்படுத்திய பாலில் 3 சதவீதம். இருமுறை சமன்படுத்திய பாலில் 1.5 சதவீதம்.

சமன்படுத்திய பால் வந்த கதை சுவையானது. 1940-களில் பம்பாயில் டி. என். குரோடி என்ற பால்வள நிபுணர் இதைக் கொண்டுவந்தார். எருமைப் பாலில் கொழுப்பு அதிகம். அதோடு கொழுப்பு நீக்கிய பால் பவுடரையும் தண்ணீரையும் சேர்த்தார். ஒரு லிட்டர் பால் இரண்டு லிட்டருக்கு மேல் ஆயிற்று! விலை இறங்கியது. ஏழைக் குழந்தைகளுக்கும் பால் கிடைத்தது. குரோடிக்கு 1963-ல் மகசேசே பரிசு கிடைத்தது. வர்கீஸ் குரியனும் திரிபுவன்தாஸ் படேலும் அவரோடு அதைப் பகிர்ந்துகொண்டனர். தொந்தியைக் குறைக்க வந்த பால் அல்ல அது. பலர் வயிற்றை நிறைக்க வந்த பால்!

சரி, டீக்கு வருவோம். ஒரு டம்ளர் டீயில் 60 மில்லி பாலும் இரண்டு சிறு கரண்டி சர்க்கரையும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு கரண்டி என்றால் 10 கிராம். அதில் 40 கலோரி.

நிறைகொழுப்புப் பால் என்றால், பாலில் 52 கலோரி. சர்க்கரையையும் சேர்த்தால் 92.

சமன்படுத்திய பால் என்றால் 35. சர்க்கரையோடு 75.

இருமுறை சமன்படுத்திய பால் என்றால் 28. சர்க்கரையோடு 68.

கவனித்தீர்களா? 3 சதவீதப் பாலை விட்டு 1.5 சதவீதப் பாலுக்கு மாறினால் லாபம் வெறும் 7 கலோரி. ஒரு கரண்டி சர்க்கரையைக் குறைத்தால் லாபம் 20 கலோரி! அண்ணன் "தூக்கலாக" ஒரு கரண்டி கூடுதலாகக் கேட்டாரே, அதிலேயே அவருடைய லாபம் போய், மேற்கொண்டு நஷ்டமும் வந்துவிட்டது. தேங்காய் பன்னைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது அவருக்கு நல்லது.

இப்படி ஐந்து டீ குடித்தால் 50 கிராம் சர்க்கரை. மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ! உலக சுகாதார நிறுவனம் 2015-ல் ஒரு வரம்பு சொன்னது. நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு, சேர்க்கும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது. 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. அந்த 50 கிராமும் டீயிலேயே தீர்ந்துவிடுகிறது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது.

நாட்டுச் சர்க்கரை நல்லதாச்சே!

கொங்கு நாட்டில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. "நாட்டுச் சர்க்கரை டீ கிடைக்கும்" என்று போர்டு போட்ட கடைகள் பல. வாசனையும் ருசியும் தனிதான், சந்தேகம் இல்லை. ஆனால் கலோரியில் வெள்ளைச் சர்க்கரைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கருப்பட்டியும் அப்படியே. நல்லது என்று நினைத்து மூன்று கரண்டி போட்டால், மூன்று கரண்டிக்கு உரிய கலோரி வந்தே தீரும்.

குளுகுளு அறையில் சோபா போட்டுக் காபி விற்கும் கடைகளிலும் இதே கதைதான். கொழுப்பு நீக்கிய பால் 200 மில்லியில் 70 கலோரி. அதில் 20 கிராம் சர்க்கரை உள்ள பாகை ஊற்றினால் 80 கலோரி ஏறுகிறது. பாலைவிடப் பாகு பெரிதாகிவிட்டது! ஆனால் பத்து அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள கடைகள் உணவுப் பட்டியலில் கலோரியைக் காட்ட வேண்டும் என்ற விதி 2022-ல் அமலுக்கு வந்தது. அங்கே போகிறவர் படித்துப் பார்த்தாவது பயப்படலாம். பேக்கரி டீக்கு அப்படிப் பட்டியல் ஏது?

இதில் ஒரு வேடிக்கை. கொழுப்பு குறைந்த பானம் நமக்குப் புதிது அல்ல. திருப்பூருக்குப் பக்கத்திலேயே ஊத்துக்குளி இருக்கிறது. அந்த ஊர் வெண்ணெய்க்குத் தமிழ்நாடு முழுவதும் பெயர். வெண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சுவது என்ன? மோர். தண்ணீர் சேர்த்து, உப்பும் கறிவேப்பிலையும் போட்ட ஒரு டம்ளர் நீர்மோரில் சுமார் 30 கலோரிதான். சர்க்கரை கேட்காத பானம் அது!

யாருக்கு எது?

எல்லாரும் கலோரியைக் குறைக்க வேண்டும் என்பது அல்ல. பண்டல் தூக்குகிறவருக்குச் சக்தி வேண்டும். சிறு குழந்தைகளுக்குக் கொழுப்பு உள்ள பாலே நல்லது. நாள் முழுவதும் உட்கார்ந்து வேலை பார்க்கும் நாற்பது வயதுக்காரர்தான் கணக்குப் பார்க்க வேண்டியவர்.

இன்னொருத்தியும் இருக்கிறாள். காலையில் சமைக்க நேரம் இல்லாமல், ஒரு டீயும் பன்னும் சாப்பிட்டு மெஷினில் உட்காரும் பெண். டீயின் சர்க்கரை அவள் பசியை அடக்கிவிடும். உடம்புக்கு வேண்டிய பருப்பும் கீரையும் அதில் வராது. போதாததற்கு, சாப்பாட்டோடு டீ குடித்தால் உணவில் உள்ள இரும்புச் சத்து சரியாக உடம்பில் சேராது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ வேண்டாம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்த சோகை என்று 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டியது. இவளுக்கு இரண்டு இட்லி கிடைத்தால் போதும். எந்தப் பாலில் டீ போட்டார்கள் என்பது அதற்கு அப்புறம்.

கம்பெனிகள் ஒன்று செய்யலாம். செலவே இல்லாத காரியம். தூக்கில் வரும் டீயில் சர்க்கரையைக் கடையிலேயே கலந்துவிடுகிறார்கள். வேண்டாதவரும் குடித்தே ஆக வேண்டும். சர்க்கரையைத் தனி டப்பாவில் கொடுத்தனுப்பச் சொன்னால் என்ன? ஒருவர் இரண்டு கரண்டி போடட்டும், ஒருவர் அரைக் கரண்டி போடட்டும், இன்னொருவர் போடாமலே குடிக்கட்டும்.

கடைக்காரருக்கும் சர்க்கரை மிச்சம். அந்தக் காசை டீயின் விலையில் குறைப்பாரா என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்!