தணிந்ததா? தீர்ந்ததா?

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்று பள்ளி நாள் முதல் கட்டுரை எழுதிப் பழகியவர்கள் நாம். ஆனால், அச்செல்வத்தை இழந்த ஒருவர் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார் என்று எப்போது சொல்லலாம்? சர்க்கரை நோய் என்று நாம் வழங்கும் இரண்டாம் வகை நீரிழிவு, இக்கேள்வியை இன்று நம் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. கூட்டம் பெருகும் இடத்தில் கடை விரிப்போரும் பெருகுவர் அல்லவா? 'சர்க்கரையை ஓட ஓட விரட்டலாம்', 'நிரந்தரத் தீர்வு' என்னும் விளம்பரங்கள் பேருந்து நிலையச் சுவரிலும் கைப்பேசித் திரையிலும் நம்மைக் கூவி அழைக்கின்றன.

என் தாய்மாமன் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுபவர். ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தார். எங்கள் ஊர்ப் பக்கம் நடந்த நாற்பது நாள் முகாம் ஒன்றில் அவர் சேர்ந்தார். உணவைக் குறைத்தார், நடந்தார், ஐந்து கிலோ இளைத்தார். கடைசி நாளன்று வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 108. "உங்களுக்குச் சர்க்கரை தீர்ந்துவிட்டது" என்று மாலை போட்டுப் படம் பிடித்தார்கள். அன்று காலை வரை அவர் மாத்திரை சாப்பிட்டுக் கொண்டுதான் இருந்தார் என்பதை யாரும் கேட்கவில்லை. மாமா மறுநாளே மாத்திரை அட்டைகளைக் குப்பையில் எறிந்தார். தெருவுக்கே ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார்.

ஆறேழு மாதங்களில் தாகமும், இரவில் அடிக்கடி எழுந்து போவதும் திரும்பின. அத்தை கேட்டபோதெல்லாம், "வெயில் காலம்ல" என்று மழுப்பினார். ஒன்றரை ஆண்டு கழித்து, செருப்புக் கடித்த புண் ஆறாமல் மருத்துவமனையில் சேர்த்தபோதுதான் சர்க்கரை 340 என்று தெரிந்தது. கால் விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். "ஏன் மாமா முன்னாடியே சொல்லல?" என்று கேட்டேன். "மாலையெல்லாம் போட்டுட்டாங்களே மாப்ள. ஜாங்கிரி வேற குடுத்துட்டேன். திரும்பவும் வந்துடுச்சுன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?" என்றார்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஒரு மறுமொழிதான்.

அப்படியானால் சர்க்கரை நோய் பின்வாங்கும் என்பதே பொய்யா? இல்லை. 'ஒருமுறை வந்தால் வந்ததுதான், நாளுக்கு நாள் முற்றத்தான் செய்யும்' என்று நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ராய் டெய்லர் அதை மறுத்து எழுந்தார். கல்லீரலிலும் கணையத்திலும் மிகுதியாகப் படியும் கொழுப்பே இந்நோயின் வேர் என்றும், அக்கொழுப்பு கரைந்தால் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் மீண்டும் விழித்துக்கொள்ளக் கூடும் என்றும் அவர் கூறினார். 2011-இல் பதினொரு பேரை எட்டு வாரம் நாளொன்றுக்கு 600 கலோரி அளவிலான உணவில் வைத்து, தம் கருத்துக்குச் சான்றும் காட்டினார்.

அடுத்து, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மைக் லீனும் அவரும் இணைந்து நடத்திய 'டைரக்ட்' என்னும் பெரிய ஆய்வின் முடிவு 2017-இல் வந்தது. சோதனைக் குழுவில் 149 பேர். சூப்பும் பால்போன்ற பானமுமாக நாளுக்குச் சுமார் 850 கலோரி. மூன்று முதல் ஐந்து மாதங்கள் வரை அவ்வளவுதான். ஓராண்டு முடிவில் அவர்களுள் 46 விழுக்காட்டினர் மாத்திரையின்றியே நோய் வரம்புக்குக் கீழே இருந்தனர். வழக்கமான மருத்துவம் பெற்ற குழுவிலோ 4 விழுக்காட்டினர் மட்டுமே. 15 கிலோவும் அதற்கு மேலும் இளைத்தவர்களுள் 86 விழுக்காட்டினர் அந்நிலையை எட்டினர். மகிழ வேண்டிய செய்திதான்!

நிற்க. அதே ஆய்வின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் 46 என்பது 36 ஆகக் குறைந்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் நல்ல நிலையில் இருந்து, பின்னும் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களுள், ஐந்தாம் ஆண்டிலும் அப்படியே நின்றவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தாம். எடை திரும்பியபோது சர்க்கரையும் திரும்பியது. மேலும், அவ்வாய்வில் சேர்க்கப்பட்டவர்கள் பருத்த உடலினர்; நோய் கண்டு ஆறு ஆண்டுகளுக்கு உட்பட்டவர்கள்; இன்சுலின் போடாதவர்கள். பதினைந்து ஆண்டு நோயாளி ஒருவர் இந்த 46-ஐத் தம் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள முடியாது.

இந்த நிலைக்கு என்ன பெயர் இடுவது? 2021-இல் அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவுக் கழகங்கள் உள்ளிட்ட நான்கு அமைப்புகளின் அறிஞர்கள் கூடி ஒரு முடிவுக்கு வந்தனர். 'குணம்' என்ற சொல்லை அவர்கள் ஏற்கவில்லை. 'ரிவர்சல்', அதாவது நோயைத் திருப்பி விடுதல் என்ற சொல்லையும் தேர்ந்தெடுக்கவில்லை. 'ரெமிஷன்' என்றனர், தமிழில் 'தணிவு' எனலாம். சர்க்கரையைக் குறைக்கும் மருந்துகள் அனைத்தையும் நிறுத்திக் குறைந்தது மூன்று மாதம் ஆன பிறகு, 'மூன்று மாதச் சர்க்கரை' என்று நம் மக்கள் அழைக்கும் எச்.பி.ஏ.1.சி. அளவு 6.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அது தணிவு. அதன் பின்னும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சோதிக்க வேண்டும்.

ஏன் மூன்று மாதம்? விலங்கியல் படிப்போர் அறிவர்: ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதிலுள்ள ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொள்ளும் அளவையே இச்சோதனை காட்டுகிறது. மருந்தை நிறுத்திய மறுவாரமே சோதித்தால், மருந்து உண்ட நாட்களின் நிழலும் அந்த எண்ணில் விழுந்திருக்கும். பழைய அணுக்கள் பெரும்பாலும் போய்ப் புதியவை வந்த பிறகு கிடைக்கும் எண்ணே உண்மையைப் பேசும். ரத்தசோகை முதலியன உள்ளவர்களிடம் இவ்வெண்ணும் தவறிப் போகலாம் என்பதால், அவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 126-க்குக் கீழே இருப்பதை அளவுகோலாகக் கொள்ளலாம் என்பர். என் மாமாவின் 108, மாத்திரையோடு வந்த 108. அதற்குப் பெயர் தணிவு அன்று, கட்டுப்பாடு. அதுவும் நல்ல நிலைதான்; ஆனால் வேறு நிலை.

'சொல்லில் என்ன இருக்கிறது? தீர்ந்தது என்று சொன்னால் மனிதனுக்கு ஊக்கம் பிறக்குமே' என்று நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். ஊக்கம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தீர்ந்தது என்ற சொல் இரண்டு தீங்குகளைச் செய்கிறது. ஒன்று, சோதனையை நிறுத்தச் செய்கிறது. சர்க்கரை இறங்கிய பின்னும், அது மிகுந்திருந்த காலத்தில் கண்ணிலும் சிறுநீரகத்திலும் பாதத்திலும் தொடங்கிய கேடு உள்ளே தொடரக் கூடும். ஆகவேதான் தணிவில் இருப்போரும் அவற்றைத் தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். மற்றொன்று, அதனினும் கொடியது. நோய் திரும்பி வந்தால் அதை ஓர் அவமானமாக ஆக்கிவிடுகிறது. தீர்ந்த நோய் திரும்பினால் குற்றம் நோயாளியுடையது. தணிந்த நோய் திரும்பினால் அது எதிர்பார்த்த ஒன்று. நீறு பூத்த நெருப்பு என்று தெரிந்தவன் சாம்பலைக் கிளறிப் பார்க்க வெட்கப்பட மாட்டான். அணைந்துவிட்டது என்று ஊரறியச் சொன்னவனோ, புகையைக் கண்டாலும் வாய் திறக்க மாட்டான்.

நான் இங்கு ஒரு கருத்தை முன்வைக்க விரும்புகிறேன். 2009-இல் அமெரிக்க அறிஞர் குழு ஒன்று கூறிய பழைய இலக்கணம், தணிவைக் குறை, முழு, நீடித்த என மூன்றாகப் பிரித்தது. ஐந்து ஆண்டு நிலைத்ததையே நீடித்த தணிவு என்றது. புதிய இலக்கணம் எளியது, அதுவே நல்லது. ஆயினும் பழையதிலிருந்து ஆண்டுக் கணக்கை மட்டும் நாம் கடன் வாங்கிக்கொள்ளலாம். நாம் 'இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு' என்று நம்மைச் சொல்லிக்கொள்வது போல, 'நான் தணிவில் இரண்டாம் ஆண்டு' என்று அவர்களும் சொல்லட்டும். அச்சொல்லில் பெருமையும் உண்டு. அடுத்த தேர்வு இருக்கிறது என்ற நினைவும் உண்டு.

தோழர்களே, நம் வீடுகளில் சோதனைச் சீட்டைப் படித்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் நாம்தாம். ஆகவே 'தீர்ந்துவிட்டது' என்று யாரேனும் சொன்னால் மூன்று கேள்விகளைக் கேட்போம்: மருந்தை நிறுத்தியாயிற்றா? நிறுத்தி மூன்று மாதம் ஆயிற்றா? அளவு 6.5-க்குக் கீழா? மருந்தை நிறுத்துவதையும் மருத்துவர் சொல்லிச் செய்யச் சொல்வோம். தணிவு கிட்டாதவரைத் தோற்றவர் என்று எண்ணாதிருப்போம்.

என் மாமா இப்போது மீண்டும் மாத்திரை சாப்பிடுகிறார். சென்ற மாதம் அளவு 6.8. கடைக்கு வந்த ஒருவர், "சர்க்கரை தீந்துடுச்சுன்னு சொன்னீங்களே?" என்று கேட்டாராம். "தீரலீங்க, கட்டுக்குள்ள இருக்கு" என்று பதில் சொன்னதாக அத்தை கூறினார். மாலையும் படமும் இல்லாத அந்தப் பதிலே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.