தெரிவு யாருக்கு?

கடைக்குப் போகும்போது துணிப்பை கொண்டு செல்லுங்கள்; சிறு பொதிகளைத் தவிருங்கள்; மொத்தமாக வாங்குங்கள்; பூமி பிழைக்கும் - இவ்வாறு உபதேசம் செய்வோரின் தொகை நாளுக்கு நாள் பெருகி வருகின்றது. உபதேசத்தில் பிழையில்லை. யாரை நோக்கி அது சொல்லப்படுகின்றது என்பதிலேதான் பிழை. சப்ரகமுவ தோட்டப் பாடசாலைகளில் சித்திரப் போட்டி வைத்து இதைப் போதிக்கும் அன்பர்களிடம் நாம் கேட்கின்றோம்: தெரிவு என்ற சொல்லுக்கு இங்கே பொருள் யாது?

பெல்மதுளைக்கும் பலாங்கொடைக்கும் இடையே உள்ளது ஓப்பநாயக்க. களனிவெளி ரயில் பாதை ஒரு காலத்தில் இவ்வூரில்தான் முடிந்தது. 1976இல் அவிசாவளைக்கு அப்பால் அதை மூடிவிட்டார்கள். பஸ்ஸுக்குக் காசு கொடுத்து நகரத்துக்குப் போய் ஒரு மாதச் சாமான்களை மலிவாக அள்ளிவரும் வசதி கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஏது? தோட்டத்துக் கடையில், கடன் கொப்பியில் எழுதி, அன்றன்றைக்கு வேண்டியதையே அவள் வாங்குகின்றாள். நிறை குறைந்தால் அரைப்பேர்; மழை வந்தால் அதுவுமில்லை. அவள் கைக்கு அடங்குவது சிறு பால்மாப் பக்கற்றும் ஒற்றைத் தலைக்குப் போதுமான ஷாம்புப் பொதியுமே.

இந்தச் சிறு பொதி அவள் கேட்டு வந்ததன்று. கடலூர் சின்னிகிருஷ்ணனின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்த யோசனையைப் பெருங் கம்பனிகள் பற்றிக்கொண்டு ஆசியா முழுவதும் பரப்பின. நாட்கூலிக்காரரின் சட்டைப்பையை அளந்து தைத்த பொதி அது. இலாபம் அவர்களைச் சேர்ந்தது. வெறும் உறை அவளுடைய தலையில் விழுந்தது.

உணவும் மருந்தும் நீங்கலான 20 மில்லிலீற்றருக்கு உட்பட்ட பொதிகளை 2021 மார்ச் இறுதியில் அரசு தடைசெய்தது. நல்லது. நாட்கூலி 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்ததும் அதே மார்ச்சில்தான். எத்தனையோ ஆண்டுப் போராட்டத்தின் பின் கிடைத்த அந்த ஆயிரம் ரூபாவில், பெரிய போத்தலை வாங்கிப் பூமியைக் காக்கும்படி அவளுக்குச் சொல்வது நியாயமா?

உறையை எங்கே போடுவது என்ற கேள்விக்கு வருவோம். கொழும்பு மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14ஆந் திகதி குப்பைமலை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டெம்பரில் மெல்லிய பொலித்தீனுக்குத் தடை வந்தது. தலைநகரில் குப்பை மலையாவதற்காவது அதை அள்ளிச் செல்லும் லொறி இருந்தது. லயத்துக்கோ 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமே தடையாக நின்றது. அதன் 33ஆம் பிரிவைக் காட்டித் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்று கைவிரித்தார்கள். 2018இல்தான் அது திருத்தப்பட்டது. வாக்குப் போடலாம், குப்பை போட இடமில்லை! முப்பது வருடங்களாக அவ்வுறைகள் கானிலும் அடுப்பிலும் போய்ச் சேர்ந்தன. பிறகு அந்தக் கானைப் படம்பிடித்து, தோட்ட மக்களுக்கு விழிப்புணர்வில்லை என்கிறார்கள்.

விழிப்புணர்வா? லயத்துக் கொடியில் கழுவிக் காயப்போட்ட பொலித்தீன் பைகளை அவர்கள் கண்டதுண்டா? உரச்சாக்கு இடுப்பில் படங்காகவும், அது கிழிந்தால் வாசலில் மிதியடியாகவும் ஆவதைக் கண்டதுண்டா? 2025 நவம்பர் முதல் கடைப் பைக்கு விலை அறவிட வேண்டுமென்ற விதி வந்துள்ளது. காரில் வருபவருக்கு அது சில்லறை. அவளோ அதற்கு முன்பே பையோடுதான் போனாள்.

ஐரோப்பியக் கடையில் பச்சைத் தவளைச் சின்னம் பொறித்த தேயிலையைத் தேர்ந்தெடுப்பவருக்கு மனச்சாந்தி கிட்டுகின்றது. அவர் நல்லவராகவே இருக்கட்டும். அந்தக் கொழுந்தைப் பறித்தவளுக்கு எதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிட்டிற்று என்று அவர் கேட்டால் இன்னும் நல்லது.

தெரிவு பயனற்றதென்று நாம் வாதிடவில்லை. தெரிவுள்ளவர் முதலில் அதைச் செய்யட்டும் என்கின்றோம். நம்மையும் சேர்த்துத்தான். சுரண்டலை எதிர்த்து நாம் கூட்டும் இலக்கியக் கூட்டங்களில் மேடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் பதாகை, மேசையில் தண்ணீர்ப் போத்தல்கள், வாசலில் பொலித்தீனில் சுற்றிய சோற்றுப் பொதிகள்! நமக்கு மாதச் சம்பளம் வருகின்றது. செம்பும் குவளையும் வீட்டில் இருக்கின்றன.

ஆசிரிய நண்பர்கள் சித்திரப் போட்டியைச் சற்றே ஒத்திவைக்கலாம். கூட்டுறவுக் கடையில் தேங்காயெண்ணெயும் சவர்க்காரத் தூளும், வீட்டிலிருந்து கொண்டுவரும் போத்தலிலும் டப்பாவிலும் நூறு கிராமாயினும் அளந்து, மொத்த விலைக்கே விற்கப்பட வேண்டுமெனக் கேட்போம். உறையை விற்ற கம்பனியே அதைத் திரும்பப் பெற வேண்டுமெனக் கேட்போம். சட்டம் திருத்தியாயிற்று, பிரதேச சபையின் குப்பை லொறி எந்தெந்த லயத்துக்கு, எந்தக் கிழமையில் வருகின்றது என்பதை மாணவர்களைக் கொண்டு எழுதச் செய்து, அந்தப் பட்டியலைச் சபைக் கூட்டத்தில் கொண்டுபோய் வைப்போம்.