அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

2022 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் ஓர் அட்டை ஏலம் போனது. உள்ளங்கையில் அடங்குகிற சின்ன அட்டை. விலை 1 கோடியே 26 லட்சம் டாலர். அன்றைய கணக்கில் சுமார் 100 கோடி ரூபாய்! மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால் வீரரின் படம் போட்டு, 1952-ல் டாப்ஸ் என்கிற கம்பெனி பபிள்கம்மோடு சேர்த்துச் சில்லறைக் காசுக்கு விற்ற அட்டை அது.

எல்லாப் பத்திரிகையும் படம் போட்டன. எல்லாவற்றிலும் முன்பக்கம்தான். நீலப் பின்னணி, கையில் மட்டை, எங்கோ மேலே பார்க்கிற ஓர் இளைஞன். சரி, பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது கேட்டார்களா? நூறு கோடி கொடுத்தவராவது படித்திருப்பாரா? சந்தேகம்தான்.

நான் பேச வந்தது அந்தப் பின்பக்கத்தைப் பற்றி.

பெயர், பிறந்த தேதி, உயரம், எடை, எந்தக் கையால் அடிப்பார், எந்தக் கையால் வீசுவார், நாலு வரியில் வாழ்க்கைக் கதை. அதற்குக் கீழே போன வருட எண்கள் ஒரு வரி, வாழ்நாள் எண்கள் ஒரு வரி. மேன்டில் அதுவரை ஆடியிருந்தது ஒரே ஒரு சீசன். போன வருடமும் வாழ்நாளும் அவருக்கு ஒன்றேதான்! இந்த மாதிரிப் பின்பக்கங்களைப் படித்துத்தான் அமெரிக்காவில் இரண்டு தலைமுறைப் பையன்கள் வளர்ந்தார்கள். சராசரியும் சதவீதமும் பள்ளிக்கூடத்தில் கற்றதைவிட அட்டையில் கற்றதுதான் அதிகம் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறவர்கள் அங்கே உண்டு. அது கள்ளங்கபடமில்லாத காலமாம். கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தக் கணக்கைக் கொடுத்தாலும், வரவு வைத்ததைவிட வைக்காமல் விட்டது எது என்று தேடுவான். அந்தப் பழக்கத்தோடு இந்த அட்டைகளைத் திருப்பினால், கள்ளங்கபடம் இல்லாத சமாசாரமாகத் தெரியவில்லை. விற்கிறவன் எழுதிய ஜாதகமாகத்தான் தெரிகிறது.

கொஞ்சம் சரித்திரம். 1909 முதல் 1911 வரை வந்த பிரபலமான அட்டைகள் சிகரெட் பாக்கெட்டில் வந்தவை. திருப்பினால் சிகரெட் விளம்பரம்தான். ஒளிவு மறைவில்லை. 1911-ல் வந்த இன்னொரு தொகுப்பில் ஆட்டக்காரரின் வாழ்க்கைக் குறிப்பைப் பின்பக்கம் போட ஆரம்பித்தார்கள். 1933-ல் பாஸ்டனைச் சேர்ந்த கௌடி கம்பெனி பபிள்கம்மோடு 240 அட்டை கொண்ட தொகுப்பை இறக்கியது. அதிலும் வாழ்க்கைக் குறிப்பு. மறுவருடம் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ‘லூ கெரிக் சொல்கிறார்’ என்று பெரும்பாலான அட்டைகளில் போட்டார்கள். மிச்சமிருந்த சிலவற்றில் சக் க்ளைன் சொன்னார்.

லூ கெரிக் அப்போது சாதாரண ஆள் இல்லை. நியூயார்க் யாங்கீஸ் அணியில் ஒரு நாள்கூட லீவு போடாமல் ஆடிக்கொண்டிருந்த மனிதர். அவர் சாயங்காலம் ஓட்டல் அறைக்கு வந்து, விளக்கைப் போட்டு உட்கார்ந்து, சக ஆட்டக்காரர்கள் எண்பது சொச்சம் பேரைப் பற்றி பபிள்கம் கம்பெனிக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்தாரா? நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எட்டு வயதுப் பையனை மட்டும் நம்பச் சொன்னார்கள்.

போகட்டும், விளம்பரம் என்றால் அப்படித்தான். இதைவிடப் பெரிய விஷயம் பெயர்.

ராபர்ட்டோ க்ளெமென்டே. போர்ட்டோ ரிக்கோவில் பிறந்து, பிட்ஸ்பர்க் அணிக்குப் பதினெட்டு சீசன் ஆடிய மகா ஆட்டக்காரர். 1950களின் பிற்பகுதியிலிருந்து 1960கள் முழுக்க டாப்ஸ் அட்டைகளில் அவர் பெயர் என்ன தெரியுமா? பாப் க்ளெமென்டே! அவருக்கு அந்தப் பெயர் பிடிக்காது. என் பெயர் ராபர்ட்டோ என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தார். வாய்க்கு வராத ஸ்பானியப் பெயரை வெள்ளைக்காரப் பையன்களுக்குத் தோதாகச் செதுக்கிக் கொடுத்தது கம்பெனி. 1972 டிசம்பர் 31 அன்று நிகராகுவா பூகம்பத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் கடலில் விழுந்து இறந்துபோனார் அந்த மனிதர். ஒரு மனிதனின் வாழ்க்கைக் குறிப்பு என்று சொல்லிவிட்டு முதல் வரியிலேயே பெயரை மாற்றினால், மிச்ச வரிகளை எந்த நம்பிக்கையில் படிப்பது?

அடுத்து எண்கள். ‘வார்த்தையில் பொய் இருக்கலாம் சார், எண் பொய் சொல்லாது’ என்பார்கள். எண்ணைப் போல நாசூக்காகப் பொய் சொல்ல வேறு எதனாலும் முடியாது என்பதை பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

சாட்செல் பெய்ஜ் என்று ஒரு பந்துவீச்சாளர். கறுப்பர். மேஜர் லீக்கில் கறுப்பர்களுக்கு இடமில்லாத காலத்தில், அவர்களுக்கென்று தனியாக இருந்த ‘நீக்ரோ லீக்’ அணிகளில் இருபது வருடத்துக்கு மேல் வீசியவர். 1947-ல் ஜாக்கி ராபின்சன் கதவைத் திறந்தார். மறுவருடம் பெய்ஜ் உள்ளே வந்தார். அப்போது அவர் வயது 42! 1953 டாப்ஸ் அட்டையில் அவர் பெயரில் ஓர் எழுத்தைக் கூடுதலாகப் போட்டுப் பிழையாக அச்சடித்தார்கள். அதை மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது வேறு. அதிகாரபூர்வ ரெக்கார்டு புத்தகத்தில் அவருடைய வாழ்நாள் 1948-ல்தான் ஆரம்பித்தது. அதற்கு முந்தைய இருபது வருடம்? கணக்கில் இல்லை. ஆடாததாக அர்த்தம்.

பெய்ஜுக்காவது அட்டை கிடைத்தது. ஜாஷ் கிப்சனுக்கு அதுவும் இல்லை. நீக்ரோ லீக்கின் மாபெரும் அடிமட்டையாளர். ராபின்சன் மேஜர் லீக்கில் இறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 1947 ஜனவரியில், 35 வயதில் செத்துப்போனார். அவர் ஆடிய காலத்தில் எந்த அமெரிக்க பபிள்கம் கம்பெனியும் அவருக்கு அட்டை போடவில்லை. முன்பக்கமும் கிடையாது, பின்பக்கமும் கிடையாது.

இப்போது கேளுங்கள். 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீக்குகளும் மேஜர் லீக்தான் என்று 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். 2024 மே மாதம் அந்த எண்களை அதிகாரபூர்வ ரெக்கார்டில் சேர்த்தார்கள். சேர்த்ததும் என்ன ஆயிற்று? வாழ்நாள் பேட்டிங் சராசரியில் முதலிடம் ஜாஷ் கிப்சனுக்கு! அவருடைய சராசரி .372. அதாவது ஆயிரம் முறை அடிக்க நின்றால் 372 முறை வெற்றிகரமாக அடித்தவர். அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப்பின் சராசரி .367. சரித்திரத்தின் முதல் ஆள் எழுபத்தேழு வருடம் கழித்து, கல்லறையிலிருந்து எழுந்து வந்து பட்டியலில் உட்கார்ந்திருக்கிறார். அதுவரை ஒவ்வொரு பையனும் மனப்பாடம் செய்த பட்டியல் தப்பு. அச்சுப் பிழை அல்ல, ஆள் பார்த்து விட்ட பிழை.

மூன்றாவது, பணம். பழைய அட்டைகளில் ரசிகர்களுக்கு ரொம்பப் பிடித்தது இந்த வகை: ‘சீசன் இல்லாத மாதங்களில் இவர் சேல்ஸ்மேனாக வேலை பார்க்கிறார்.’ பக்கத்தில் குட்டிக் கார்ட்டூன். எவ்வளவு அழகு! ஏனய்யா வேலை பார்க்கிறார்? சம்பளம் போதவில்லை, அதனால் பார்க்கிறார். 1967-ல்கூட மேஜர் லீக்கில் குறைந்தபட்ச சம்பளம் வருடத்துக்கு 6,000 டாலர். வேறு அணிக்குப் போகலாம் என்றால் அதுவும் முடியாது. ஒப்பந்தத்தில் இருந்த ‘ரிசர்வ் க்ளாஸ்’ அவரை முதலாளியோடு கட்டிப் போட்டிருந்தது. கர்ட் ஃப்ளட் என்கிறவர் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 1972-ல் தோற்றார். அந்தக் கட்டு அறுந்தது 1975 கடைசியில்தான். கார்ட்டூன் போட்ட கை இதையெல்லாம் எழுதவில்லை.

எழுதுமா? அட்டை போட்ட கம்பெனியே வீரர்களுக்குக் கொடுத்தது வருடத்துக்கு 125 டாலர். சின்ன லீக்கில் இருக்கும்போதே ஐந்து டாலரைக் கையில் திணித்துக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். 1966-ல் மார்வின் மில்லர் வீரர்கள் சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். பேச்சுவார்த்தைக்குப் போனார், கம்பெனி மசியவில்லை. வீரர்கள் படத்துக்கு நிற்க மறுத்தார்கள். 1969 அட்டைகளில் பழைய படங்கள் நிறைய இருக்கக் காரணம் அதுதான். 1968 கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. தலைக்கு 250 டாலர், கூடவே விற்பனையில் 40 லட்சம் டாலர் வரை 8 சதவீதம், அதற்கு மேல் 10 சதவீதம். பேஸ்பால் அட்டை சரித்திரத்தில் மிக முக்கியமான எண்கள் இவைதான். எந்த அட்டையின் பின்பக்கத்திலும் இவற்றை அச்சடித்ததில்லை.

ஒரு சின்னக் கணக்கு. ஏலம் போன அந்த ஒற்றை அட்டையின் விலையை 125 டாலரால் வகுத்துப் பாருங்கள். 1,00,800 வரும். பணத்தின் மதிப்பு மாறியிருக்கிறது, தெரியும். அப்படியும் கணக்கு உறுத்துகிறது.

‘மிட்டாயோடு வந்த அட்டை சார், இதில் போய் அரசியலா?’ என்று கேட்கிற நண்பர்களுக்கு ஒரு பதில். மிட்டாயோடு வந்ததால்தான் கேட்க வேண்டியிருக்கிறது. பெரியவர்கள் பேப்பரில் படிப்பதைச் சந்தேகப்படுவார்கள். குழந்தை சந்தேகப்படாது. அட்டையில் இருப்பவர்தான் உலகம், இல்லாதவர் இல்லவே இல்லை என்று நம்பும்.

அட்டைகளைக் கொளுத்தச் சொல்லவில்லை. எனக்கும் அவை பிடிக்கும். பத்து வரிசை எண்ணில் ஒரு மனிதனின் பத்து வருட உழைப்பைக் கண் முன்னால் நிறுத்துவது லேசான காரியமில்லை. அந்த வேலையை 1957-ல் வருடவாரியாக முழு எண்களையும் போட்டுச் செய்தது இதே டாப்ஸ்தான்.

அதனால்தான் ஒரு கோரிக்கை வைக்கத் தோன்றுகிறது. 2001-லிருந்து டாப்ஸ் தன் பழைய டிசைன்களை வருடாவருடம் தூசு தட்டிப் புது அட்டையாக விற்கிறது. முன்பக்கத்தின் பழைய அழகுக்கு அவ்வளவு மரியாதை. பின்பக்கத்துக்கும் கொஞ்சம் கொடுக்கலாமே? பழைய வீரர்களின் அட்டையை மறுபடி போடும்போதெல்லாம் க்ளெமென்டேவுக்கு அவர் கேட்ட பெயரைப் போடுங்கள். பெய்ஜின் வாழ்நாளை அவர் வீச ஆரம்பித்த நாளிலிருந்து எண்ணுங்கள். கிப்சனுக்கு 1930களின் டிசைனில் ஓர் அட்டை போட்டு, .372 என்று கொட்டை எழுத்தில் அச்சடியுங்கள். மை செலவு அதிகமாகாது.

நீங்களும் ஒன்று செய்யலாம். யாராவது ஒருவருடைய வாழ்க்கையை நாலு வரியில் அடக்கி உங்கள் கையில் கொடுத்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எழுதியது யார்? காசு கொடுத்தது யார்? எந்த வருடத்திலிருந்து எண்ண ஆரம்பித்தார்கள்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் வாங்காமல் விடாதீர்கள்.