குடக்கூலிப் புத்தி

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகிற மின்சார ரயிலில், காலை வேளையில் உட்கார இடம் கிடைத்துவிட்டால் போதும். அந்த மனிதருக்கு உலகத்தில் எதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லுகிற அதிகாரம் வந்துவிடுகிறது. நின்றுகொண்டு வருகிறவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள். அன்றைக்கு நான் நின்றுகொண்டு வந்தேன், கேட்டுக்கொண்டும் வந்தேன்.

பேச்சு ‘பாஸ்’ லினக்ஸைப் பற்றி. 2024ஆம் ஆண்டில் அதன் பத்தாவது பதிப்பு வெளியாகியிருந்த சமயம் அது. கம்ப்யூட்டர் என்கிற யந்திரத்துக்கு உயிர் கொடுக்கிற அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறார்கள். விண்டோஸ் அப்படி ஒன்று. ‘பாஸ்’ என்பதும் அப்படி ஒன்று; மத்திய அரசின் சி-டாக் ஸ்தாபனம் தயாரித்து, 2007 முதல் காசு வாங்காமல் ஜனங்களுக்குக் கொடுத்து வருவது.

ஜன்னலோரத்துக் கனவான் சொன்னார்: “என்ன ஸார் பெரிய கண்டுபிடிப்பு! டெபியன்னு ஒண்ணு ஏற்கெனவே இருக்கு. அதைத் தூக்கிட்டு வந்து, நெத்தியிலே விபூதியைப் பூசி, ‘இது நம்ம பிள்ளை’ன்னு சொல்றாங்க.”

எதிரே இருந்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. “எதுவா இருந்தா என்ன ஸார்? நம்ம நாட்டுச் சரக்கு! வெளிநாட்டுக்காரன் கம்ப்யூட்டர் வழியா நம்ம வீட்டுக்குள்ளே எட்டிப் பார்க்கறான். அவனுக்கு இது சவுக்கடி!”

நான் குறுக்கிட்டு, “நீங்கள் இரண்டு பேரும் அதைப் போட்டுப் பார்த்தீர்களா?” என்று கேட்டேன்.

“அதுக்கெல்லாம் நேரமேது ஸார்?” என்றார் ஒருவர். “வீட்டிலே எல்லாருக்கும் விண்டோஸ்தான் பழக்கம்” என்றார் சவுக்கடிக்காரர்.

ரயில் குரோம்பேட்டையில் நின்றது. இரண்டு பேரும் வெளியே திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஊரில்தான் 1949இல் சி. ராஜம் நிறுவிய எம்.ஐ.டி. இருக்கிறது. அந்த வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 2005இல் திறந்த மூல மென்பொருளுக்கென்று மத்திய அரசு ஒரு தேசிய வள மையத்தை ஏற்படுத்தியபோது, அதை நடத்துகிற பொறுப்பைச் சென்னை சி-டாக்கும் இந்த மையமும்தான் பகிர்ந்துகொண்டன. அந்த முயற்சியின் வயிற்றில் பிறந்ததுதான் ‘பாஸ்’. அடுத்த தெருவில் பிறந்த பிள்ளையைப் பற்றி, அதன் முகத்தைக்கூடப் பாராமல், ஒருவர் ‘சோரம்’ என்கிறார். இன்னொருவர் ‘தெய்வ அவதாரம்’ என்கிறார். நமது நடுத்தர வர்க்கம் கருத்துச் சொல்லுகிற லட்சணம் இதுதான்.

முதலில் ‘நகல்’ என்று வைகிறவரிடம் வருகிறேன்.

ஆம், ‘பாஸ்’ டெபியனிலிருந்து வந்ததுதான். அதைத் தயாரித்தவர்களும் மறைக்கவில்லை. டெபியனை 1993இல் ஐயன் மர்டாக் என்ற மாணவர் அமெரிக்காவில் தொடங்கினார். அதற்குள்ளே ஓடுகிற லினக்ஸ் கருவை 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதினார். அதைச் சுற்றியுள்ள கருவிகளில் பலவற்றுக்கு 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஆரம்பித்த ‘க்னூ’ திட்டம் மூலம். ஒருவர் தோளின் மேல் ஒருவராக ஏறி நின்றுதான் இத்தனை உயரம் வந்திருக்கிறார்கள். எடுத்துக்கொள், படி, திருத்து, பிறருக்குக் கொடு. கொடுக்கும்போது நீ பெற்ற உரிமையை அவனுக்கும் கொடு என்பதே ‘க்னூ’ உரிமத்தின் சாரம். அங்கே நகல் எடுப்பது திருட்டல்ல, பிறப்புரிமை. உலகமெங்கும் புகழப்படுகிற உபுண்டுவும் டெபியனின் வயிற்றில் பிறந்ததுதான். அதை நகலென்று இந்தக் கனவான் வைததுண்டா? இல்லை. அது கடல் கடந்து வந்தது. இது தரமணியிலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் வந்தது. அந்த ஒரு குற்றம் போதும், நமக்கு இளக்காரம் பிறக்க.

சவுக்கடிக்காரருக்கு ஒரு வார்த்தை. தேசபக்தி என்பது வாயில் மெல்லுகிற வெற்றிலை அல்ல. தன் வீட்டில் இடம் கொடுக்காத ஒன்றுக்குத் தெருவில் நின்று கோஷம் போடுகிறவரைவிட, வைதுகொண்டாவது உபயோகிக்கிறவர் அதற்கு நன்மை செய்கிறார்.

அப்படி உபயோகித்தவர்கள் நம்மில் உண்டா? வாய்ப்பு வராமல் இல்லை. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸும் ‘பாஸ்’ லினக்ஸும் அருகருகே இருந்தன. எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அடுத்த வருஷம் ஒன்று கிடைத்தது. அவள் தகப்பனார் என்ன செய்தார் தெரியுமா? பெட்டியைப் பிரித்த மறுநாளே மேற்குத் தாம்பரத்தில் ஒரு கடைக்கு எடுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் உள்ளே இருந்த இரண்டையும் அழித்துவிட்டு, தம்மிடம் இருந்த ஒரு திருட்டு நகலை ஏற்றிக் கொடுத்து, முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். நியாயமாகக் கிடைத்ததை அழித்துத் திருட்டுச் சரக்கை ஏற்றிக்கொள்ள முந்நூறு ரூபாய்! பேரம் பேசாமல் ஒரு பைசா கொடுக்காத மனிதர் அவர். “எல்லாரும் அதைத்தான் ஸார் செய்யறாங்க” என்று சந்தோஷமாகச் சொன்னார்.

அவரை நான் அறிவேன், அயோக்கியர் அல்ல. திருவல்லிக்கேணியில் இருபது வருஷம் குடக்கூலிக்கு இருந்தவர். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, பத்து மணிக்கு மேல் விளக்கு எரியக் கூடாது, விருந்தாளி மூன்று நாளைக்கு மேல் தங்கக் கூடாது என்கிற வீட்டுக்காரர் சட்டங்களுக்கெல்லாம் கட்டுப்பட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பணம் சேர்த்து, முடிச்சூரில் அரை கிரவுண்டு வாங்கிப் பிறகு இங்கே வந்தவர். தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் — இந்தப் புறநகர்களில் வீடு கட்டிக்கொண்ட பாதிப் பேரின் சரித்திரம் இதுதான். ‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பதற்காகவே ஊருக்கு வெளியே வந்தவர்கள் நாம். 2015 டிசம்பரில் முடிச்சூரில் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தது. சேற்றைக் கழுவிவிட்டுத் திரும்பவும் அங்கேயேதான் குடியேறினார்கள். ஏன்? சொந்த வீடு!

அப்பேர்ப்பட்ட ஜனங்கள் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்ததும் ஏன் மறுபடியும் குடக்கூலிக்காரர்களாகிவிடுகிறோம்?

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. காசு கொடுத்து வாங்கிய விண்டோஸும் நமது உடைமை அல்ல. சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு உபயோகிக்கிற அனுமதி மட்டுமே நமக்கு உண்டு. அதன் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க முடியாது, திருத்த முடியாது. விண்டோஸ் 10 வெளிவந்தது 2015இல். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அதற்கான பராமரிப்பை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. பணம் கட்டியோ, தங்கள் கணக்கில் பதிந்துகொண்டோ இன்னும் ஓராண்டு தவணை பெறலாம் என்றார்கள். அடுத்த பதிப்பான விண்டோஸ் 11க்கோ, புதிய பிராசஸரும் டி.பி.எம். என்கிற பாதுகாப்புச் சில்லின் இரண்டாம் வகையும் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற எத்தனையோ யந்திரங்களில் அவை இல்லை. கால் உடையவில்லை, கை உடையவில்லை. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். நாமும் முணுமுணுத்துக்கொண்டே பெட்டி படுக்கையைக் கட்டுகிறோம்.

வீட்டுக்காரரைக் குறை சொல்லுவதில் அர்த்தமில்லை. அவர் வியாபாரம் செய்கிறார். காலி செய்யச் சொன்னபோதுகூட, பக்கத்திலேயே நமக்கென்று ஒரு வீடு திறந்து கிடக்கிறதே என்று எட்டிப் பாராத நம்மைத்தான் நான் குறை சொல்லுகிறேன்.

“அந்த வீடு ஒழுகுகிறதே!” என்பீர்கள். ஒழுகுகிறது, மறுக்கவில்லை. சில பிரிண்டர்கள் சண்டித்தனம் செய்கின்றன. கடைகளில் கணக்கெழுதப் பழகிய மென்பொருள் அதில் அப்படியே ஓடாது. ஆபீஸில் ஒரு விதம், வீட்டில் ஒரு விதம் என்றால் வயதானவர்களுக்குக் கஷ்டம். இவையெல்லாம் உண்மையான குறைகள். ஆனால், சொந்த வீடு ஒழுகினால் கொத்தனாரைக் கூப்பிடுகிறோம்; இடித்துத் தள்ளிவிட்டு வாடகை வீடு தேடிப் போவதில்லை. டெபியன்காரர்கள் 1997இல் தங்களுக்கென்று ஒரு சமூக ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். குறைகளை மறைக்க மாட்டோம் என்பது அதில் ஒரு விதி. யார் வேண்டுமானாலும் குறையை எழுதலாம். எழுதியதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ரயிலில் அரை மணி நேரம் வைகிற வாய், இரண்டு வரி எழுதி அனுப்பினால் அதற்குப் பெயர் பங்களிப்பு.

எனக்கு இதில் இத்தனை ஆத்திரம் ஏன் என்று கேட்கலாம். நான் எழுதுகிறவன். 2004இல் ஒரு நாவலைக் காசு கொடுத்து வாங்கிய ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். பத்து வருஷம் கழித்துப் புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால், தமிழைக் காணோம். ஏதோ பேய் கிறுக்கியதுபோல் அந்நிய எழுத்துகள். அந்த எழுத்துருவின் சூட்சுமம் விற்றவர்களிடம் மட்டும் இருந்தது. அவர்களோ கடையைக் கட்டிவிட்டார்கள். கரையானும் தொடாத, நெருப்பும் பிடிக்காத என் எழுத்து, பூட்டின பெட்டிக்குள் செத்துப்போயிற்று. அச்சுப் பிரதியைப் பார்த்துத் திரும்ப அடித்தேன். தமிழக அரசு யூனிகோடை ஏற்று உத்தரவிட்டது 2010இல்தான். அதற்குள் எத்தனை பேருடைய எழுத்து இப்படிப் போயிற்றோ! சாவி நம் கையில் இல்லாத பெட்டியில் மொழியை வைக்கலாகாது என்பது எனக்குக் கொள்கை அல்ல, பட்ட அடி.

இனி, ‘பாஸ்’ தயாரிக்கிறவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு.

ஐயா, சென்னையில் வேலை செய்கிறீர்கள். பதிப்புக்குப் பதிப்பு பெயர் வைக்கிறீர்கள்: தரங், அனந்த், தேஜஸ், திருஷ்டி, உன்னதி, ஊர்ஜா, பிரக்யா. பத்துப் பெயர்களில் ஒன்றாவது தமிழாக இருக்கக் கூடாதா? பெயர் சிறிய விஷயம் என்பீர்கள். பிள்ளைக்குத் தன் ஊர்ப் பெயரை வைக்கத் தயங்குகிறவர்கள், ஊரார் அதைத் தூக்கிக் கொஞ்சவில்லை என்று வருத்தப்படலாகாது. ஒன்பதாவது பதிப்பு 2021இல், பத்தாவது 2024இல். வந்ததும் தெரியவில்லை; என்ன மாறிற்று என்று எங்கள் தெருவில் யாருக்கும் சொல்லுவாரில்லை. அரசாங்கக் கஜானாவில் சம்பளம் வருகிறபோது, உபயோகிக்கிறவனுடைய முகம் மறந்துபோகிறது. அவன் வைதால்தானே நல்லது? வைவதற்குக்கூட ஆள் இல்லை என்பதுதான் உங்கள் ஆபத்து.

கேரளத்தைப் பாருங்கள். அங்கே அரசுப் பள்ளிகளில் ஏறத்தாழ இருபது வருஷமாகக் கட்டற்ற மென்பொருள்தான். ‘கைட்’ என்கிற அவர்களுடைய ஸ்தாபனம் 2024இல் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட புதிய பதிப்பைப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. பாடப் புத்தகம் அதை வைத்து எழுதப்படுகிறது; பத்தாம் வகுப்புச் செய்முறைப் பரீட்சை அதில்தான் நடக்கிறது. ஆசிரியர்கள் கற்றுக்கொண்டு, கற்றுக்கொடுத்து, குறையும் சொல்லுகிறார்கள். அங்கே புதுப் பதிப்பு வந்தால் அது ரயில் வம்பு அல்ல. நாளைக் காலை வகுப்புக்குள் நுழைகிற விஷயம். நாம் யந்திரத்தைக் கொடுத்தோம், ஆசிரியரைக் கொடுக்கவில்லை. 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி என்று அறிவித்தோம். நல்ல காரியம். ஆனால் கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் உள்ளே எதை வைத்தாலும், அந்தப் பழைய முந்நூறு ரூபாய்க் கதைதான் மறுபடியும் நடக்கும்.

நம் முன்னோர் ஏரிகளை ஆண்டது இப்படியல்ல. ஏரி யாரோ ஓர் அரசன் வெட்டியதாக இருக்கலாம். தண்ணீர் எங்கிருந்தோ வந்ததாக இருக்கலாம். ஆனால் தூர் வாரவும் கரையைப் பலப்படுத்தவும் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வரவேண்டும். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். ‘இது சோழன் வெட்டிய நகல்’ என்று யாரும் இளக்காரம் பேசவில்லை. ‘எங்கள் ஏரி’ என்று கோஷம் போட்டுவிட்டு வீட்டில் படுத்துக்கொள்ளவும் இல்லை. மண்வெட்டி எடுத்தவனுக்கு, மடை சரியாக இல்லையென்று சத்தம் போடுகிற உரிமையும் இருந்தது.

புதிய பதிப்பு ஒன்று வந்தால் எனக்கும் ஆயிரம் குறை தோன்றுகிறது. தோன்றட்டும். வீட்டுக்காரன் தன் வீட்டைப் பற்றிக் குறை சொல்லுகிற தொனி ஒன்று உண்டு. காலி செய்யப் போகிற குடக்கூலிக்காரன் சொல்லுகிற தொனி வேறு. இரண்டிலும் வார்த்தை ஒன்றாக இருக்கலாம். ஆனால் முதலாமவன் பேசி முடித்ததும் ஏணியை எடுத்துக்கொண்டு கூரைமேல் ஏறுகிறான்.

எதிர்வீட்டுப் பெண் இப்போது வேலைக்குப் போய்விட்டாள். அந்தப் பழைய மடிக்கணினி பரண்மேல் கிடக்கிறதாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை இறக்கித் தரச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அழித்ததைத் திரும்ப ஏற்றிப் பார்க்கப் போகிறோம். முந்நூறு ரூபாய் கேட்க மாட்டேன். அவள் தகப்பனார் பக்கத்தில் உட்கார்ந்து, குறைகளை ஒரு காகிதத்தில் எழுதவேண்டும் — அதுதான் கூலி.